‘குழந்தை சரியில்லை’ என்பதும் ஒரு நோய்க்குறியே

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இரண்டு மீண்டும் மீண்டும் எழுகின்றன. “இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்கிறீர்கள், பிறகு எதற்காகக் குழந்தைக்கு ஊசி போட்டீர்கள்?” என்பது ஒன்று. “நேற்று மாலைவரை நன்றாகத்தானே இருந்தது, ஒரே இரவில் இவ்வளவு ஆகிவிடுமா?” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. பிறந்த குழந்தையிடம் ‘செப்சிஸ்’ நோயைக் கண்டறிவது ஏன் கடினம் என்பதை விளக்கினால் இரண்டிற்கும் விடை கிடைத்துவிடும். அவ்விளக்கத்தோடு என் கருத்து ஒன்றையும் முன்வைக்க விரும்புகிறேன். இந்நோயைக் கண்டறியும் முதற்கருவி ஆய்வகத்தில் இல்லை. குழந்தையை மடியில் வைத்திருப்பவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அவருடைய சொல்லுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் இன்று தருவதைவிடக் கூடுதலான மதிப்பைத் தர வேண்டும்.

செப்சிஸ் என்பது என்ன?

“இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது” என்றே பெரும்பாலும் நாங்கள் குடும்பத்தாரிடம் கூறுகிறோம். எளிதாகப் புரியும் என்பதற்காகக் கூறினாலும் அது முழு உண்மை அன்று. கிருமித்தொற்றை எதிர்த்து உடல் போராடும்போது அப்போராட்டம் கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து, உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும் நிலைதான் செப்சிஸ். பெரியவர்களுக்கான இந்த வரையறையைப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2016ஆம் ஆண்டு வெளியிட்டது.

பிறந்த குழந்தைக்கு இந்நோய் இரு வழிகளில் வரலாம். பிரசவத்திற்கு முன்போ பிரசவத்தின்போதோ தாயிடமிருந்து கிருமி குழந்தையை அடைவது முதல் வழி. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் கழித்துப் பிரசவமாதல், பிரசவ வேளையில் தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீரில் துர்நாற்றம் ஆகியவை இதற்கான எச்சரிக்கைகள். பிறந்த பிறகு தொடும் கைகள், பாலாடை, புட்டி, தொப்புள், மருத்துவமனைக் கருவிகள் ஆகியவற்றின் வாயிலாகக் கிருமி நுழைவது இரண்டாம் வழி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இவ்விரு ஆபத்துகளும் அதிகம்.

வரையறைக்குள் அடங்காத குழந்தைகள்

பெரியவர்களுக்கு வரையறை கிடைத்துவிட்டது. பிறந்த குழந்தைக்கோ உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை இல்லை.

2005ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென ஒரு பன்னாட்டு வரையறை வெளியாயிற்று. உடல் வெப்பமோ இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையோ இயல்பிலிருந்து மாறியிருக்க வேண்டும் என்பது அதன் கட்டாய விதி. நிறைமாதக் குழந்தைகளை அது சேர்த்துக்கொண்டது. குறைமாதக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. 2024 ஜனவரியில் ‘ஃபீனிக்ஸ்’ என்னும் புதிய அளவுகோல் வந்தது. பல நாட்டு மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து, சுவாசம், இரத்த ஓட்டம், இரத்தம் உறைதல், நரம்பு மண்டலம் என்னும் நான்கின் செயல்பாட்டை மதிப்பெண்ணாக்கிய பெரும்பணி அது. ஆயினும் பிறந்து இன்னும் மருத்துவமனையைவிட்டு வீடு செல்லாத குழந்தைகளுக்கும், கருவுற்ற காலத்திலிருந்து கணக்கிட்டு 37 வாரம் நிறையாத குழந்தைகளுக்கும் அது பொருந்தாது என்று அதை வகுத்தவர்களே கூறிவிட்டனர்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அது அவர்களுடைய நேர்மை. பிறந்த முதல் நாட்களில் நலமான குழந்தையின் சுவாசமும் நாடித்துடிப்பும் இரத்த அணுக்களும்கூட மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், பிறவி இதயக்கோளாறு இருந்தாலும், நுரையீரலில் தங்கிய நீர் வடியத் தாமதமானாலும் குழந்தை ஏறக்குறைய செப்சிஸ் கண்ட குழந்தையைப் போலவே தோன்றும். இவற்றை ஒரே பட்டியலால் பிரித்தறிவது எளிதன்று. ஆனால் இந்நோயால் மிகுதியாக ஆபத்துக்கு உள்ளாகும் குழந்தைகளே புதிய அளவுகோலுக்கு வெளியே நிற்கின்றன என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். நாங்கள் ‘சந்தேகம்’ என்ற சொல்லை ஏன் அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்பது அப்போது விளங்கும்.

பரிசோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

கிருமியை நேரடியாகக் காட்டும் பரிசோதனை ‘பிளட் கல்ச்சர்’. குழந்தையின் இரத்தத்தை ஊட்டக் கரைசலில் இட்டு, கிருமி வளர்கிறதா எனப் பார்ப்பது. முடிவு தெரிய பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரம் வேண்டும்; செப்சிஸ் அதுவரை காத்திருப்பதில்லை. மேலும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 130 மில்லிலிட்டர்தான். அதிலிருந்து நாங்கள் எடுப்பது ஒரு மில்லிலிட்டர். அந்த ஒரு மில்லிலிட்டரில் கிருமி அகப்படாமல் போகலாம். பிரசவத்திற்கு முன் தாய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்பட்டிருந்தாலும் கிருமி வளராமல் போகலாம்.

‘சி.ஆர்.பி.’ என்னும் பரிசோதனையை இப்போது பெற்றோர் பலரும் பெயர் சொல்லியே கேட்கின்றனர். தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே அந்த அளவு உயரும். ஆகவே முதல் பரிசோதனையில் அது இயல்பாக இருந்தால் நிம்மதி கொள்வதற்கில்லை. கடினமான பிரசவத்திற்குப் பின் தொற்று இல்லாமலும் அது உயரக்கூடும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் அவ்வாறே. பெரியவர்களிடம் 20,000 என்ற எண் எங்களைத் திடுக்கிட வைக்கும். முதல் நாள் குழந்தைக்கு அது இயல்பான எண்ணாகவே இருக்கலாம்.

தில்லியிலுள்ள மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடைபெற்ற ஆய்வில், தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகள் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிஸ் இருப்பதாக மருத்துவர்கள் கணித்தனர். கல்ச்சரில் கிருமி அகப்பட்டதோ 6.2 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அதாவது நோயாளியாகக் கருதப்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கிருமி கையில் சிக்கவில்லை. அவர்களுள் சிலருக்கு உண்மையிலேயே செப்சிஸ் இருந்திருக்கும், சிலருக்கு இருந்திராது. எவர் எவர் என்பதைச் சிகிச்சை தொடங்கும் வேளையில் உறுதியாகச் சொல்லும் கருவி எவரிடமும் இல்லை.

முதற்கேள்விக்கான விடை இதுதான். பரிசோதனை முடிவு வருவதற்குள் உயிர் போகக்கூடிய நோய் என்பதால், ஐயம் வலுவாக இருக்கும்போது முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம்.

மூடுபனியும் வெக்கையும்

நம் ஊரில் இந்நோயைக் கண்டறிவதில் தனியான சில தடைகள் உள்ளன. போடிநாயக்கனூர் நகரில் சித்திரை மாதத்தில் வெயில் கொளுத்தும். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைந்தால் பகலிலும் கம்பளி தேவைப்படும். இந்த இரு வெப்பநிலைகளுக்கிடையே நம் குடும்பங்கள் நாள்தோறும் வந்து போகின்றன. பிரசவத்திற்காக அடிவாரத்துத் தாய்வீட்டிற்கு இறங்கி வந்த பெண், குழந்தையோடு ஏலத்தோட்டத்துக் குடியிருப்புக்குத் திரும்புகிறாள். அங்கே குழந்தையின் உடல் குளிர்ந்திருந்தால், “மலைக்குளிர் அப்படித்தான்” என்கிறோம். அடிவாரத்தில் குழந்தையின் உடல் சுட்டால், “வெக்கை தாங்கவில்லை” என்கிறோம். பெரும்பாலும் அவை உண்மையாகவே இருக்கும். செப்சிஸும் அதே உருவில் வரும் என்பதுதான் சிக்கல்.

பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வரும் என்பது நம் அனைவரின் அனுபவம். பிறந்த குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, காய்ச்சலை உண்டாக்கும் வலிமைகூட இராது. உடல் குளிர்ந்துபோவதே அதன் நோய்க்குறியாக இருக்கலாம். கையும் காலும் மட்டும் குளிர்ந்து, வயிறு கதகதப்பாக இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது எனக் கொள்ளலாம். தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்தினால் சரியாகிவிடும். வயிறும் சேர்ந்து குளிர்ந்திருந்தாலும், அணைத்த பிறகும் சூடு ஏறாவிட்டாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும் பழியை மலைமேல் போடக் கூடாது.

நம் வீட்டுப் பெரியோர் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பால் குடிக்காவிட்டால் தொக்கம். வயிறு உப்பினால் மாந்தம். மேனி நிறம் மாறினால் செவ்வாப்பு. இப்பெயர்களைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மருத்துவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. பால் குடிக்காததையும் வயிறு உப்பியதையும் நிறம் மாறியதையும் பாட்டி சரியாகக் கண்டுகொண்டார் என்பதையே அப்பெயர்கள் காட்டுகின்றன. அதே மாற்றங்களைத்தான் நாங்களும் தேடுகிறோம். தவறு நேர்வது அதற்கு அடுத்த படியில். தொக்கம் எடுப்பவரைத் தேடிச் செல்வதிலும், வசம்பை உரசிப் புகட்டுவதிலும் ஓர் இரவு கழிந்துவிடுகிறது. அந்த இரவு செப்சிஸுக்குப் போதும். இரண்டாம் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. நோய் மிக விரைவாக முற்றக்கூடியது. அதற்கு முன்பே சிறு மாற்றம் ஒன்றேனும் தோன்றியிருக்கக்கூடும். அதற்கு வேறொரு பெயர் கிடைத்திருக்கும்.

இன்னொரு தடை, முடிவெடுப்பவர் வீட்டில் இல்லாமை. விடியற்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குச் செல்பவர்கள் மாலையில்தான் இறங்குகிறார்கள். பச்சையுடம்புக்காரியும் பாட்டியும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள். “அவர் வரட்டும், கேட்டுவிட்டுப் போகலாம்” என்று காத்திருப்பது நம் குடும்பங்களில் இயல்பு. பிறந்த குழந்தையின் செய்தியில் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழந்தை பிறப்பதற்கு முன்பே, “ஏதேனும் ஆனால் எவரையும் கேட்காமல் கிளம்பு” என்று கணவரும் மாமியாரும் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கட்சிரோலி கற்பித்த பாடம்

ஆய்வகம் இல்லாத இடத்தில் செப்சிஸைக் கண்டறிய முடியுமா? முடியும் என்று நம் நாட்டிலேயே நிறுவப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் காடும் பழங்குடியினர் ஊர்களும் நிறைந்த கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இணையர் தம் ‘சர்ச்’ அமைப்பின் வாயிலாக 1990களில் 39 சிற்றூர்களில் ஒரு களஆய்வை நடத்தினர். ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வீடு வீடாகச் சென்று பிறந்த குழந்தைகளைக் கவனிக்கச் செய்தனர். குழந்தைக்குச் செப்சிஸ் எனக் கொள்வதற்கு அவர்கள் வகுத்தவை ஏழு குறிகள்.

நன்றாக அழுத குழந்தையின் அழுகை மெலிதல் அல்லது நிற்றல். நன்றாக இருந்த குழந்தை துவண்டு மயங்குதல். பால் உறிஞ்சுவது குறைதல் அல்லது நிற்றல். உடல் சுடுதல் அல்லது குளிர்தல். தோலிலோ தொப்புளிலோ சீழ். வயிற்றுப்போக்கு, தொடர்வாந்தி அல்லது வயிறு உப்பல். முனகல் அல்லது மூச்சு விடுகையில் மார்பு உள்வாங்குதல். இவற்றுள் இரண்டு ஒரே வேளையில் தோன்றினால் அப்பணியாளர்கள் பெற்றோரின் இசைவுடன் சிகிச்சையைத் தொடங்கினர். சிகிச்சை தொடங்குவதற்கு முன் அவ்வூர்களில் செப்சிஸ் கண்ட குழந்தைகளுள் 16.6 விழுக்காட்டினர் இறந்தனர். சிகிச்சை பெற்றவர்களுள் இறந்தோர் 2.8 விழுக்காடு. 1999 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த ஆய்வு, பிற்காலத்தில் நாடு முழுவதும் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பார்க்க வரும் திட்டம் உருவாக வழிவகுத்தது.

அந்த ஏழு குறிகளில் முதல் மூன்றைக் கவனியுங்கள். அழுகை மெலிந்தது, துவண்டது, பால் குறைந்தது ஆகிய மூன்றும் ‘முன்பு நன்றாக இருந்தது, இப்போது மாறிவிட்டது’ என்னும் செய்தியைச் சொல்பவை. முன்பு எப்படி இருந்தது என்பது மருத்துவருக்குத் தெரியாது. பத்து நிமிடம் பார்க்கும் எங்களுக்கு அக்குழந்தையின் நேற்றைய அழுகையோடு இன்றைய அழுகையை ஒப்பிட வழியில்லை. தாயால் மட்டுமே முடியும்.

இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடைபெற்று 2008ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் பச்சிளங்குழந்தையின் ஆபத்தை உணர்த்தும் ஏழு குறிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள்ளும், பால் குடிக்கச் சிரமப்படுகிறது என்று குடும்பத்தார் தரும் தகவல் இடம்பெற்றிருந்தது. தாயின் சொல்லை மருத்துவ அறிவியல் ஏற்கெனவே ஒரு நோய்க்குறியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அன்றாட மருத்துவமனைப் பழக்கம்தான் அதற்கு இன்னும் ஈடுகொடுக்கவில்லை.

ஓர் எதிர்வாதம்

“தாய்மார்கள் அஞ்சுவதற்கெல்லாம் ஊசி போட்டால் என்ன ஆகும்?” என்று சக மருத்துவர்கள் கேட்பதுண்டு. வலுவான கேள்வி. தேவையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி பச்சிளங்குழந்தையின் குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகளையும் அழிக்கிறது. நீண்ட நாள் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம் குடல் அழற்சி நோயும் பின்னாளைய தொற்றும் கூடுதலாகக் காணப்படுகின்றன. மேலே கூறிய தில்லி ஆய்வில் அகப்பட்ட கிருமிகளுள் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன. மருந்தை வீணாக்கினால் நாளைய குழந்தைக்கு மருந்தே இராது.

ஆனால் சொல்லைக் கேட்பது வேறு, மருந்தைத் தொடங்குவது வேறு. தாய் “சரியில்லை” என்றால் நாங்கள் செய்ய வேண்டியவை எளியவை. குழந்தையின் துணியை அகற்றி முழுமையாகப் பார்ப்பது, வெப்பத்தை அளப்பது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது, இரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜன் அளவும் பார்ப்பது, ஒரு வேளை பால் குடிப்பதை அருகிலிருந்து காண்பது, தேவையெனில் சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது. இதன்பின் ஐயம் நீடித்தால் கல்ச்சருக்குப் போதிய இரத்தம் எடுத்த கையோடு முதல் ஊசியைப் போட வேண்டும். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் கிருமி வளராமல், குழந்தையும் தெளிந்திருந்தால், மருந்தை நிறுத்திவிட வேண்டும். தொடங்குவதில் தயக்கமும் நிறுத்துவதில் தயக்கமும் ஒரே அளவில் தீங்கானவை என்பேன். “எதற்கும் இருக்கட்டும், இன்னும் ஐந்து நாள் போடுங்கள்” என்று குடும்பத்தாரும் கேட்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

மருத்துவமனைகளிடம் நான் எதிர்பார்ப்பவை மூன்று. நோயாளிப் பதிவேட்டில் ‘தாய் கூறுவது’ என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் அவர் சொன்ன சொல் அப்படியே எழுதப்பட வேண்டும். வீடு செல்லும் நாளில் ஆபத்துக் குறிகளைத் தாய்க்கு மட்டுமன்றிப் பாட்டிக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். இரவில் குழந்தையோடு வருபவரை, “காய்ச்சல் இல்லையே, காலையில் வாருங்கள்” என்று எவரும் திருப்பி அனுப்பக் கூடாது.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை இவை. பிறந்து 28 நாள் நிறையாத குழந்தைக்குக் கீழ்க்காண்பவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள். இரண்டாவது தோன்றக் காத்திருக்க வேண்டாம்.

• பால் குடிப்பது குறைதல், உறிஞ்ச இயலாமை
• அழுகை மெலிதல், துவளுதல், தூண்டினால் மட்டும் அசைதல்
• உடல் சுடுதல் (37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்) அல்லது குளிர்தல் (35.5 டிகிரிக்குக் கீழ்)
• நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, முனகல், மார்பு உள்வாங்குதல்
• வலிப்பு
• மேனி நீலம் பாய்தல் அல்லது வெளிறுதல். முதல் நாளிலேயே மஞ்சள் நிறம்
• வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் அல்லது சீழ்

வரும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, தலைக்குத் தொப்பியிட்டுப் போர்த்திக் கொண்டுவாருங்கள். விழித்திருந்து உறிஞ்ச முடிந்தால் தாய்ப்பால் கொடுங்கள். துவண்ட குழந்தையின் வாயில் எதையும் புகட்டாதீர்கள். 108 ஊர்தி வர இயலாத தோட்டமாயின் கிடைக்கும் ஜீப்பில் கிளம்பி, வழியிலிருந்து அழையுங்கள். போடி அரசு மருத்துவமனையிலும், அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிறந்த குழந்தைக்கான சிகிச்சையும் ஊர்தியும் இலவசம். 2011 ஜூன் முதல் நடப்பிலுள்ள தாய்-சேய் பாதுகாப்புத் திட்டம் அதனை உரிமையாகவே தந்திருக்கிறது. பணம் இல்லை என்பது தாமதத்திற்குக் காரணமாக வேண்டியதில்லை.

வருமுன் காப்பதும் நம் கையில் உள்ளது. குழந்தையைத் தொடுமுன் சோப்பால் கை கழுவுங்கள். சேனை வைக்கும் சடங்கில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டாம். முதல் உணவு சீம்பாலாகவே இருக்கட்டும். தொப்புள்கொடியில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் தடவாமல் உலர விடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கைப்படி, இந்தியாவில் பிறக்கும் 1000 குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறப்பவை 20, தமிழ்நாட்டில் 9. நம் மாநிலம் நெடுந்தூரம் வந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் இழப்புகளைக் குறைக்கப் புதிய கருவிகளும் புதிய வரையறைகளும் வரட்டும், அவற்றை வரவேற்போம். அதுவரை மலைச்சரிவின் கடைசி வீட்டில் இருக்கும் குழந்தைக்கு முதல் மருத்துவர் அதன் தாயும் பாட்டியும்தான். உங்கள் ஐயம் பொய்யாகிப்போனால் எங்களுக்கு மகிழ்ச்சியே. அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள உரிமையில்லை. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “குழந்தை சரியில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். அதன்பின் பார்க்க வேண்டியது எங்கள் கடமை.